வாசகர் கேள்வி பதில்: வெறுப்புக் குற்றமும் காவல்துறையின் கடமையும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், இனத்தையோ சமயத்தையோ காரணமாக வைத்து நடக்கும் தாக்குதல்களையும் அவற்றைக் காவல்துறை கையாளும் முறையையும் பற்றியவை. ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்து, ஆறு கேள்விகளாக்கிப் பதில் தந்திருக்கிறேன்.

நியூ ஜெர்சியில் என் மகன் குடும்பத்தோடு வசிக்கிறான். ஆசிய வம்சாவளியினர் மீது நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு 2021இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் தண்டனை எவ்வளவு கூட்டப்பட்டது? — உட்லண்ட்ஸ் வாசகர்

தண்டனை கூட்டப்படவில்லை, ஐயா. 2021 மே 20ஆம் தேதி அதிபர் பைடன் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தின் நோக்கமே வேறு. வெறுப்பால் நடந்த குற்றங்கள் மீது மத்திய அரசு வழக்குத் தொடுக்கும் அதிகாரத்தை, 2009 அக்டோபரில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டமே விரிவாக்கிவிட்டது. ஆனால் குற்றம் காவல் நிலையத்தின் ஏட்டில் வெறுப்புக் குற்றமாகப் பதிவாகாவிட்டால், எவ்வளவு கடுமையான சட்டத்தாலும் அதைத் தொட முடியாது. 2021ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இடத்தில்தான் கைவைத்தது. நீதித்துறை அமைச்சில் இத்தகைய வழக்குகளை விரைந்து பரிசீலிக்க ஓர் அதிகாரியை அமர்த்தச் சொன்னது. பல மொழிகளில் இணையம்வழி புகார் செய்வதற்கான வழிகாட்டுதலைக் காவல் அமைப்புகளுக்கு வழங்கச் சொன்னது. மாநிலங்கள் புகார்த் தொலைபேசிச் சேவை நடத்தவும், காவலர்களுக்குப் பயிற்சி தரவும், குற்றங்களை விரிவான தேசியப் பதிவு முறையில் சேர்க்கவும் நிதியுதவிக்கு வழிசெய்தது. செனட் சபையில் 94 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்தவர் ஒருவரே.

அந்தச் சட்டத்துக்குள் ஜபாரா, ஹேயர் என்ற இருவரின் பெயரைத் தாங்கிய ஒரு பகுதி இருக்கிறது. அதன் பின்னணியைத் தெரிந்துகொண்டால் சட்டத்தின் தேவை நன்றாகப் புரியும். காலித் ஜபாரா லெபனான் வம்சாவளியைச் சேர்ந்தவர். ஓக்லஹோமா மாநிலத்தின் தல்சா நகரில் வாழ்ந்தவர். பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் குடும்பத்தை இனத்தைச் சொல்லித் திட்டி வந்தார். 2015இல் காலிதின் தாயார் மீது காரை ஏற்றினார். அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே பிணையில் வெளியே வந்தார். 2016 ஆகஸ்டில் அவரிடம் துப்பாக்கி இருப்பதாக அறிந்து காலித் காவல்துறையை அழைத்தார். காவலர்கள் வந்தார்கள், தங்களால் ஒன்றும் செய்ய இயலாது என்று திரும்பிச் சென்றார்கள். சற்று நேரத்தில் காலித் தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி, வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில்லில் வெள்ளை இனவாதிகளுக்கு எதிராகத் திரண்ட கூட்டத்துக்குள் ஒருவன் காரைச் செலுத்தியதில் ஹெதர் ஹேயர் என்ற பெண் உயிரிழந்தார். இரண்டு கொலைகளுமே வெறுப்புக் குற்றங்களாக நீதிமன்றம் வரை சென்றவை. ஆனால் எஃப்.பி.ஐ. வெளியிட்ட அந்தந்த ஆண்டின் வெறுப்புக் குற்றப் புள்ளிவிவரத்தில் இரண்டுமே இடம்பெறவில்லை. நாடே பார்த்த கொலைகள் கணக்கில் சேராதபோது, இரவு நேர ரயிலில் முகத்தில் வாங்கிய அடியும் கடைக் கண்ணாடியில் விழுந்த கல்லும் எங்கே சேரப்போகின்றன?

2019ஆம் ஆண்டுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்.பி.ஐ.யின் திரட்டில் பங்குகொண்ட 15,588 காவல் அமைப்புகளில் 2,172 மட்டுமே ஒரு வெறுப்புக் குற்றமாவது நடந்ததாகத் தெரிவித்தன. மொத்தம் 7,314 சம்பவங்கள். ஆனால் அந்நாட்டு நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு வீடு வீடாகக் கேட்டு எடுக்கும் ஆய்வின்படி, 2004 முதல் 2015 வரை ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 250,000 முறை மக்கள் இத்தகைய குற்றங்களுக்கு ஆளாகியிருக்கிறார்கள். அவற்றில் பாதிக்கு மேல் காவல்துறையின் காதுக்கே போகவில்லை.

காவல்துறை மாறியிருக்கிறதா என்று வேறு சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். சட்டத்தின் பெரிய குறை, உள்ளூர்க் காவல் அமைப்புகள் எஃப்.பி.ஐ.க்குக் கணக்குக் கொடுப்பதைக் கட்டாயமாக்காமல் விட்டதுதான். நிதியைக் காட்டி அழைக்கிறது, கடமையாக்கவில்லை. ஆகவே மாற்றம் ஊருக்கு ஊர் வேறுபடும். உங்கள் மகன் வசிக்கும் ஊரின் காவல்துறை கணக்கு அனுப்புகிறதா என்பதை எஃப்.பி.ஐ.யின் இணையப் பக்கத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இந்துக்களுக்கும் சீக்கியர்களுக்கும் எதிரான குற்றங்கள் 2015 முதல் அங்கே தனித்தனியாக எண்ணப்படுகின்றன. விஸ்கான்சின் மாநிலத்தின் ஓக் கிரீக் குருத்துவாராவில் 2012 ஆகஸ்டில் நடந்த படுகொலைக்குப் பிறகு சீக்கிய அமைப்புகள் விடாமல் வலியுறுத்திப் பெற்ற மாற்றம் அது.

நம் சிங்கப்பூரில் இதற்கு என்ன சட்டம் இருக்கிறது? புதிதாக நிறைவேறிய இன நல்லிணக்கச் சட்டம் போதுமா? — புக்கிட் பாத்தோக் வாசகி

இரண்டு வகைச் செயல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும், அம்மா. ஓர் இனத்தின் மீது வெறுப்பைப் பரப்புவது ஒன்று. ஒரு மனிதரை அவருடைய இனத்துக்காக அடிப்பதோ மிரட்டுவதோ மற்றொன்று.

முதல் வகைக்கு நம்மிடம் நீண்ட சட்ட மரபு உண்டு. 1950இலும் 1964இலும் நடந்த கலவரங்களின் நினைவு அதற்குப் பின்னால் இருக்கிறது. 1990இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. 2019இல் அது திருத்தப்பட்டது. இனத்துக்கும் அத்தகைய தனிச்சட்டம் வரும் என்று அப்போதைய பிரதமர் திரு லீ சியன் லூங் 2021 ஆகஸ்டில் தேசிய தினப் பேரணி உரையில் அறிவித்தார். இன நல்லிணக்கப் பராமரிப்பு மசோதா 2025 பிப்ரவரி 4ஆம் தேதி நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இனப்பகையைத் தூண்டும் பேச்சையோ பதிவையோ பரப்புகிறவர் மீது அமைச்சர் உடனடியாகத் தடையுத்தரவு பிறப்பிக்கலாம். சிறிய குற்றம் செய்தவர் பாதிக்கப்பட்ட சமூகத்தோடு உறவைச் சரிசெய்துகொள்ள வாய்ப்புத் தரப்படலாம். ஓர் இனத்தவர் மீது வன்முறையைத் தூண்டினால் 10 ஆண்டுவரை சிறை விதிக்கப்படலாம். இவற்றை நான் மனமார வரவேற்கிறேன்.

இரண்டாம் வகைக்குத் தண்டனைச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இருக்கிறது. 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது அது. பட்டியலிடப்பட்ட குற்றம் ஒன்றைச் செய்கிறவர், செய்யும்போதோ அதற்குச் சற்று முன்போ பின்போ, பாதிக்கப்பட்டவரின் இனத்தையோ சமயத்தையோ முன்னிட்டுப் பகைமை காட்டியிருந்தால், அல்லது அந்தப் பகைமையே குற்றத்துக்குத் தூண்டுதலாக இருந்திருந்தால், நீதிமன்றம் அக்குற்றத்துக்குரிய தண்டனையை ஒன்றரை மடங்குவரை உயர்த்தலாம். 2021 மே மாதம் சுவா சூ காங்கில் விறுவிறுப்பாக நடந்து சென்ற 55 வயது இந்தியப் பெண்மணி ஒருவர், முகக்கவசத்தைக் கீழே இறக்கியிருந்ததைக் காரணம் காட்டி இனத்தைச் சொல்லித் திட்டப்பட்டு, மார்பில் உதைக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். குற்றத்தை மறுத்து விசாரணை கோரிய ஆடவருக்கு 2023இல் நான்கு வாரச் சிறை விதிக்கப்பட்டது; பாதிக்கப்பட்டவருக்கு 13.20 வெள்ளி இழப்பீடு தரவும் உத்தரவிடப்பட்டது.

தண்டனை குறைவு என்று அப்போது பலர் வருந்தினார்கள். என் மனத்தில் நிற்பது வேறு. அந்தப் பெண்மணி புகார் செய்தார்; தம்மைத் திட்டிய சொற்களை எடுத்துச் சொன்னார்; அவை பதிவாயின; நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையையும் தாங்கின. அந்தச் சொற்கள் பதிவாகாமல் போயிருந்தால், அது வெறும் கைகலப்பு வழக்காகவே முடிந்திருக்கும். 74ஆம் பிரிவைப் பயன்படுத்த அரசுத் தரப்புக்கு ஆதாரமே இருந்திருக்காது. புதிய சட்டம் சமூகத்துக்குள் பரவும் வெறுப்பை அடக்கும் வலிமை கொண்டது. ஆனால் தனி மனிதர் ஒருவர் அடிபட்டு வந்து நிற்கும்போது புகாரை எடுக்கும் அதிகாரி என்ன கேட்க வேண்டும், எதை எழுத வேண்டும் என்பது அதன் பொருளாக அமையவில்லை. அடுத்த படி அங்கேதான் எடுக்கப்பட வேண்டும், அதாவது பாதிக்கப்பட்டவர் சொல்லும் இனவசைச் சொற்களை அப்படியே பதிவுசெய்வதைக் காவல்துறையின் சட்டக் கடமையாக்க வேண்டும் என்பது என் கருத்து.

என் மாமியாருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். மின்தூக்கியில் ஒருவர் அவரைத் தள்ளிவிட்டு, நம் நிறத்தையும் சாப்பாட்டையும் சொல்லித் திட்டினார். புகார் செய்தோம். பிறகு நகலைப் பார்த்தால் "அண்டைவீட்டாருடன் வாக்குவாதம்" என்ற அளவில்தான் இருக்கிறது. இனி என்ன செய்யலாம்? — ஈசூன் வாசகி

முதலில் உங்கள் மாமியாருக்கு என் ஆறுதலைச் சொல்லுங்கள். வயதானவர்கள் இதையெல்லாம் விழுங்கிக்கொண்டு போவதையே நாம் பார்த்திருக்கிறோம். அவர் புகார் செய்ய முன்வந்ததே பெரிது.

முதல் தகவல் சுருக்கமாக இருப்பதாலேயே எல்லாம் முடிந்துவிடவில்லை. விசாரணை அதிகாரி பின்னர் பதிவுசெய்யும் வாக்குமூலம்தான் வழக்குக்கு முதுகெலும்பு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி, எழுதப்பட்ட வாக்குமூலத்தை அதைக் கொடுத்தவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவருக்கு ஆங்கிலம் புரியாவிட்டால் அவருக்குப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். அதன் பிறகே அவர் கையெழுத்திடுவார். இது அதிகாரி காட்டும் சலுகையன்று, உங்கள் மாமியாருக்குச் சட்டம் தந்த உரிமை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். மருமகள் என்ற முறையில் நீங்கள் உடன் செல்லலாம், ஆனால் நடந்ததை அவர் வாயாலேயே சொல்லவிடுங்கள். நாம் நாகரிகம் கருதி மென்மையாக்கிச் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் சாட்சியத்தின் கூர்மையைக் குறைக்கும். அந்த ஆள் வேறு மொழியில் திட்டியிருந்தால், பொருள் தெரியாவிட்டாலும் காதில் விழுந்த ஒலியை அப்படியே சொல்லச் சொல்லுங்கள். சொல் தள்ளுவதற்கு முன்பு வந்ததா, தள்ளும்போதா, பிறகா என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 74ஆம் பிரிவு அந்த நேரத் தொடர்பைப் பார்க்கிறது. இதே ஆள் முன்பும் இப்படி நடந்துகொண்டிருந்தால் அந்த நாள்களையும் குறித்துக்கொண்டு போங்கள். கையெழுத்திடும் முன், "அவர் சொன்ன சொற்கள் இதில் இருக்கின்றனவா?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அன்றே மருத்துவரிடம் போயிருந்தால் அந்த அறிக்கை உதவும். மின்தூக்கியில் கண்காணிப்புப் படக்கருவி இருந்தால், பதிவு அழிந்துபோகும் முன் அதைக் கேட்டுப் பெறும்படி விசாரணை அதிகாரியிடம் எழுத்துமூலம் கேளுங்கள்.

ஏற்கெனவே கொடுத்த புகாரில் விட்டுப்போனவற்றைச் சொல்ல, புகார் எண்ணைக் குறிப்பிட்டு விசாரணை அதிகாரிக்கு எழுதலாம். காவல்துறை மேல் நடவடிக்கை எடுப்பதில்லை என்று முடிவுசெய்தாலும், அரசு நீதிமன்றங்களில் மாஜிஸ்திரேட்டிடம் நேரடியாகப் புகார் செய்யும் வழி உண்டு. அந்த ஆள் தொடர்ந்து தொல்லை தந்தால், 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்பு உத்தரவு கோரலாம். அதற்கென்றே 2021 ஜூன் முதல் தனி நீதிமன்றம் இயங்கிவருகிறது. வழக்கறிஞர் இல்லாமலும் அங்கே மனு செய்யலாம்.

இப்படித் திட்டியவரைப் படமெடுத்து, பெயரோடும் வீட்டு எண்ணோடும் சமூக ஊடகத்தில் போட்டால் என்ன? — செங்காங் வாசகர்

வேண்டாம். ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கில் அவருடைய அடையாளத் தகவலை வெளியிடுவது 2020 முதல் குற்றம். படத்தை வெட்டாமல், சேர்க்காமல், முதல் பதிவாகவே வைத்திருந்து காவல்துறையிடம் கொடுங்கள்.

கடுமையான தண்டனை இருந்தால் போதாதா? காவல்துறையின் கடமையைச் சட்டத்தில் எழுதிவைப்பதால் என்ன மாறிவிடும்? — தெம்பனிஸ் வாசகர்

மாறியிருக்கிறது என்பதற்கு இரண்டு நாடுகளின் அனுபவத்தைச் சொல்கிறேன்.

லண்டனில் 1993 ஏப்ரல் 22ஆம் தேதி இரவு, பேருந்துக்காகக் காத்திருந்த 18 வயதுக் கறுப்பின மாணவர் ஸ்டீஃபன் லாரன்ஸ், வெள்ளை இளைஞர் கும்பல் ஒன்றால் குத்திக் கொல்லப்பட்டார். அவருடன் இருந்த நண்பர் தாக்கியவர்கள் கத்திய இனவசைச் சொல்லைக் காவலர்களிடம் சொன்னார். அவரைச் சாட்சியாக மதிப்பதற்குப் பதிலாகச் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். கொலையாளிகளில் இருவருக்குத் தண்டனை கிடைக்க 2012 ஆகிவிட்டது. கொலைக்கு ஆயுள் தண்டனை அந்நாட்டுச் சட்டத்தில் அப்போதே இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். தண்டனைக்குக் குறையில்லை, முதல் சில மணிநேரத்து விசாரணைதான் தவறியது. நீதிபதி வில்லியம் மெக்ஃபர்சன் 1999 பிப்ரவரியில் அளித்த அறிக்கை லண்டன் காவல்துறையில் நிறுவன அளவிலேயே இனப்பாகுபாடு ஊறியிருப்பதாகக் கண்டது. 70 பரிந்துரைகளை முன்வைத்தது. பாதிக்கப்பட்டவரோ வேறு எவருமோ ஒரு சம்பவத்தை இனப்பாகுபாடு என்று கருதினால், காவல்துறை அதை அப்படியே பதிவுசெய்து விசாரிக்க வேண்டும் என்பது அவற்றில் முதன்மையானது. பதிவுசெய்யலாமா வேண்டாமா என்ற முடிவு மேசைக்குப் பின்னால் இருப்பவரின் விருப்பத்தைவிட்டு விலகியது அப்போதுதான்.

இந்தியாவின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், தாழ்த்தப்பட்ட சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் எதிரான கொடுமைகளுக்குத் தண்டனை விதிப்பதோடு நிற்கவில்லை. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும், அப்பிரிவுகளைச் சாராத அரசு ஊழியருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத, ஓராண்டுவரையிலான சிறையை அதன் 4ஆம் பிரிவு விதிக்கிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கடமைகள் எவை என்பதையும் விரித்து எழுதியது: வாய்மொழிப் புகாரை எழுதியபின் கையெழுத்து வாங்கும் முன் படித்துக் காட்ட வேண்டும், முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்ய வேண்டும், நகல் தர வேண்டும், 60 நாள்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். ஊர்ப்புறத்தில் இது ஒழுங்காக நடக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். பல இடங்களில் நடக்கவில்லை, அந்தக் கொடுமையை நாம் செய்திகளில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனாலும் புகாரை வாங்க மறுத்த அதிகாரியை நோக்கி விரல் நீட்ட ஏழைக்கு ஒரு சட்டப்பிரிவு இருக்கிறது. அது இல்லாத காலத்தில் அவர் கைகூப்பிக் கெஞ்ச மட்டுமே முடிந்தது.

சிங்கப்பூரின் காவல்துறையை மேற்சொன்ன நிலைகளோடு ஒப்பிடுவது நியாயமாகாது. இங்கே புகார் கொடுப்பவரை விரட்டியடிக்கும் வழக்கம் இல்லை. அதனாலேயே நாம் கேட்க வேண்டியதும் எளியது, செய்யக்கூடியது.

எதற்கெடுத்தாலும் இனத்தோடு முடிச்சுப் போடும் பழக்கத்தை இந்தப் பதிவுக் கடமை வளர்த்துவிடாதா? தங்குவிடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களும் இதைப் பயன்படுத்த முடியுமா? — ஜூரோங் வாசகர்கள் இருவர்

முதல் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. சத்தத்துக்கும் துணி காயப்போடுவதற்கும் வரும் சண்டைகள் எல்லாம் இனச் சண்டைகள் அல்ல. ஆனால் பதிவுசெய்வது வேறு, நிரூபணம் வேறு. இனத்தைச் சொல்லித் திட்டினார் என்று ஒருவர் சொன்னால் அதை எழுதுவது பதிவு. அது உண்மையா, குற்றத்தோடு தொடர்புடையதா என்பதை அரசுத் தரப்பு ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டியது நீதிமன்றத்தில். எழுதுவதால் யாரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. எழுதாமல் விடுவதால் உண்மையான வழக்கு ஒன்று தொடங்கும் முன்பே அழிந்துபோகலாம். பொய்ப் புகாருக்குத் தண்டனையும் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டாவதைக் கேட்டவர் தாமே தங்குவிடுதியில் வசிப்பவர் என்று எழுதியிருக்கிறார். தம்பி, இங்குள்ள எவரும், எந்த நாட்டவரானாலும், எந்த அனுமதிச் சீட்டில் இருந்தாலும் காவல்துறையில் புகார் செய்யலாம். அதற்கு முதலாளியின் சம்மதம் தேவையில்லை. ஆபத்து நேரத்தில் 999ஐ அழையுங்கள். வேலை போய்விடுமோ, ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. விசாரணைக்காக இங்கே தங்க வேண்டிய ஊழியருக்குச் சிறப்பு அனுமதிச் சீட்டு வழங்கும் நடைமுறை இருக்கிறது. தனியாகப் போகத் தயங்கினால் வெளிநாட்டு ஊழியர் நிலையம், ஹோம், டிடபிள்யுசி2 ஆகிய அமைப்புகள் வழிகாட்டும். உங்களைப் போன்றவர்களின் புகார்தான் மிகவும் எளிதாகக் காணாமல் போகிறது என்பதால், பதிவுக் கடமையைச் சட்டமாக்கும்போது முதலில் பயன்பெற வேண்டியவர்கள் நீங்களே.

நான் கேட்பது இரண்டே இரண்டு. புகாரில் இனம், சமயம் பற்றிய பகைமை இருந்ததாகப் பாதிக்கப்பட்டவர் சொன்னால், அதிகாரி அச்சொற்களை அப்படியே எழுதி, புகாரில் அதற்கான குறியை இட வேண்டும் என்பது சட்டக் கடமையாக வேண்டும். அப்படிக் குறியிடப்பட்ட புகார்கள் எத்தனை, அவற்றில் நீதிமன்றம் சென்றவை எத்தனை, 74ஆம் பிரிவு பயன்பட்டவை எத்தனை என்பதை உள்துறை அமைச்சு ஆண்டுதோறும் ஒரே வடிவத்தில் வெளியிட வேண்டும். உறுப்பினர்கள் கேள்வி எழுப்பும்போது அமைச்சர்கள் நாடாளுமன்றத்தில் எண்களைத் தந்திருக்கிறார்கள். அதையே வழக்கமாக்கச் சொல்கிறேன். இதை ஏற்கும் வாசகர்கள் தங்கள் தொகுதி உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குச் சென்று எழுத்துமூலம் கொடுங்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம்.